பஸ்ஸை ஓட்டுவது யார்?

முடிச்சூர் ரோட்டில் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தூரத்தில் வண்டி தெரிந்ததும் முதலில் பார்ப்பது ரூட் நம்பரை அல்ல, நிறத்தை. முகப்பில் பிங்க் இருந்தால் பெண்கள் முன்னால் வருவார்கள். இல்லையென்றால், 'இது டீலக்ஸுடி, விட்டுடு' என்று ஒரு குரல் கேட்கும். பாதிக் கூட்டம் பின்வாங்கும்.

இது புதுப் பழக்கம் இல்லை. 2011க்கு முன்னால் இதே ரோட்டில் இதே ஆட்கள் தேடியது வெள்ளை போர்டை. அந்த போர்டு மாட்டிய வண்டியில் குறைந்தபட்ச டிக்கெட் இரண்டு ரூபாய். அதே ரூட்டில், அதே தூரத்துக்கு, எம் சர்வீஸ், எல்.எஸ்.எஸ்., எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று வேறு வேறு வண்டிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட். எல்லாமே தாம்பரம்தான் போகும். எல்லாமே அதே டிராஃபிக்கில்தான் நிற்கும். எக்ஸ்பிரஸ் என்று போட்ட பஸ் எக்ஸ்பிரஸாகப் போய்ச் சேர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஏன் இத்தனை ரகம்? ஒரே காரணம்தான். கட்டணத்தை ஏற்றமாட்டோம் என்பது அரசியல் முடிவு. டீசலுக்கும் சம்பளத்துக்கும் பணம் வேண்டும் என்பது கணக்கு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. கட்டணத்தை ஏற்றாதே, போர்டை மாற்று. வெள்ளை போர்டு வண்டியைக் குறை, மற்றதைக் கூட்டு. சட்டசபையில் எழுந்து நின்று, 'ஒரு பைசா உயர்த்தவில்லை' என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் முடிச்சூர் ரோட்டில் நின்ற பெண்மணியின் பர்ஸுக்கு உண்மை தெரியும்.

அரசுக் கம்பெனிகளில் அரசியல் தலையிடுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படித் தலையிடுகிறது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இந்த வாரம் பஸ்ஸை வைத்துப் பார்ப்போம்.

*

முதலில் ஒரு காலண்டர்.

தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் 2001 டிசம்பரில் உயர்ந்தது. அடுத்து 2011 நவம்பர் 17. அதற்கடுத்து 2018 ஜனவரி 20. இடைவெளிகளைப் பாருங்கள்: பத்து வருடம், ஆறு வருடம். நடுவில் டீசல் விலை எத்தனை முறை ஏறியது என்று கணக்கு வைத்திருப்பவர் யாரும் இல்லை.

2001 மே மாதம் சட்டசபைத் தேர்தல், அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல், டிசம்பரில் கட்டண உயர்வு. 2011லும் அதே வரிசை: ஏப்ரலில் சட்டசபை, அக்டோபரில் உள்ளாட்சி, நவம்பரில் உயர்வு. அன்றைக்கு பஸ்ஸோடு ஆவின் பாலும் சேர்ந்து ஏறியது. 2018ல் பக்கத்தில் தேர்தல் எதுவும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலையே தள்ளிப்போட்டிருந்தார்கள்.

ஆக, நம் ஊர் பஸ் கட்டணம் டீசல் விலையைப் பார்த்து ஏறுவதில்லை. தேர்தல் தேதியைப் பார்த்து ஏறுகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான். பல வருடம் அடைத்து வைத்துவிட்டு ஒரே ராத்திரியில் திறந்தால் என்ன ஆகும்? 2018ல் சென்னையில் குறைந்தபட்சக் கட்டணம் மூன்று ரூபாயிலிருந்து ஐந்துக்குப் போனது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாளைக்குள் கொஞ்சம் குறைத்தார்கள். வருடா வருடம் நாலணா எட்டணா என்று ஏற்றியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதில் ஒரு வரி பிரபலமானது: அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 பைசா நஷ்டம். மறுநாள் டீக்கடையில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். 'கவர்ன்மென்ட்னாலே இப்படித்தான் சார், பிரைவேட்கிட்ட குடுத்துடணும்.'

அவசரப்படாதீர்கள். அந்த 59 ரூபாயில் எவ்வளவு திறமைக்குறைவு, எவ்வளவு ஊழல், எவ்வளவு வேண்டுமென்றே கொடுத்த சலுகை? கிராமத்துக்கு ஓட்டிய காலி பஸ் எவ்வளவு, பள்ளிக்கூடப் பிள்ளையின் இலவச பாஸ் எவ்வளவு, ஏற்றாமல் விட்ட கட்டணம் எவ்வளவு? அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி பில்லில் 'மொத்தம்' மட்டும் எழுதிக் கொடுத்த மாதிரி.

இங்கேதான் நிர்வாகம் என்ற வார்த்தை அர்த்தமிழக்கிறது. நஷ்டத்துக்கு யார் காரணம் என்று பிரிக்க முடியாத இடத்தில் யாரையும் பொறுப்பாக்க முடியாது. மோசமான டெப்போ மேனேஜர், 'கட்டணம் ஏத்தல சார்' என்பார். நல்ல மேனேஜருக்கும் பாராட்டு கிடைக்காது, ஏனென்றால் அவர் டெப்போவும் நஷ்டம்தான். இருவரும் ஒரே புகைமூட்டத்தில் இருக்கிறார்கள். புகை யாருக்குச் சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

*

இன்னொரு சங்கதி. நம் பஸ் கழகங்கள் எல்லாம் கம்பெனிகள். கேரளாவிலும் கர்நாடகாவிலும் 1950ம் வருட சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் கீழ் கழகம் அமைத்தார்கள். தமிழ்நாட்டில் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்தார்கள். டி.வி.எஸ். மாதிரி, அசோக் லேலண்ட் மாதிரி இதுவும் ஒரு கம்பெனி. மேனேஜிங் டைரக்டர் உண்டு. போர்டு மீட்டிங் உண்டு. ஆடிட் ரிப்போர்ட் உண்டு.

ஒரே ஒரு வித்தியாசம். இந்தக் கம்பெனி தான் விற்கிற பொருளுக்குத் தானே விலை வைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டணம் நிர்ணயிப்பது அரசு. ஊதிய ஒப்பந்தத்தில் கடைசி வார்த்தை அமைச்சருடையது. எத்தனை பஸ் வாங்கலாம் என்பது பட்ஜெட்டில் வரும். விலை, சம்பளம், முதலீடு மூன்றும் கையில் இல்லாத மேனேஜிங் டைரக்டர் என்ன செய்வார்? கிடைத்த இடத்தில் சமாளிப்பார். போர்டு கலர் மாற்றுவார்.

2013 ஜனவரியில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் கிடைத்தது. மொத்தமாக டீசல் வாங்குகிறவர்களுக்கு மானியம் கிடையாது என்று மத்திய அரசு அறிவித்தது. அதாவது, டெப்போவுக்கு லாரியில் வரும் டீசல், தெருமுனை பங்க்கில் விற்பதைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் அதிகம்! மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த பொருளாதாரம். டெல்லி அதைத் தலைகீழாக்கியது. உடனே தமிழ்நாட்டு அரசு பஸ்கள் தனியார் பெட்ரோல் பங்க்குகளில் வரிசையில் நின்றன. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே முழு நீள பஸ். டெப்போவில் டாங்க்கும் பம்ப்பும் சும்மா கிடந்தன. அன்றைய நிலையில் சரியான முடிவுதான் அது. ஆனால் எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் அது வராது.

*

பெயர் விவகாரத்துக்கு வருவோம்.

1972ல் பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டபோது கழகங்களுக்கு நல்ல பெயர்கள் வைத்தார்கள். சென்னைக்குப் பல்லவன். மதுரைக்குப் பாண்டியன். கும்பகோணத்துக்குச் சோழன். கோவைக்குச் சேரன். எல்லாம் அரசர்கள், யாருக்கும் சண்டை இல்லை. பல்லவன் என்ற பெயர் போய்ப் பல வருடமாகியும் தாம்பரத்துப் பெரியவர்கள் சிலர் வாயில் இன்னும் 'பல்லவன் பஸ்'தான்.

பிறகு கழகங்கள் குட்டி போட்டன. அண்ணா, பெரியார், கட்டபொம்மன், நேசமணி, ஜீவா, மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள், தீரன் சின்னமலை, பட்டுக்கோட்டை அழகிரி, எம்.ஜி.ஆர்., அன்னை சத்யா... சென்னையில் பல்லவனை 1994ல் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு அம்பேத்கர் பெயர். ஒரு கழகம் பிறந்தால் ஒரு மேனேஜிங் டைரக்டர், ஒரு தலைமை அலுவலகம், ஒரு போர்டு, ஒரு கார் வரிசை. ஒரு தலைவருக்குக் கௌரவம், ஒரு வட்டாரத்துக்கு மகிழ்ச்சி. 1997ல் எண்ணிப் பார்த்தால் 21 கழகங்கள்.

இப்படிப் பிரித்ததில் நிர்வாகக் காரணம் கொஞ்சமாவது இருந்திருக்கும். கழகம் சின்னதாக இருந்தால் மேற்பார்வை எளிது. ஆனால் பிரிப்பது நிர்வாகம், பெயர் வைப்பது அரசியல் என்று இரண்டும் கலந்தபோது விபரீதம் காத்திருந்தது.

1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைக் கருணாநிதி அரசு சூட்டியது. சுந்தரலிங்கம் கட்டபொம்மன் படையில் போரிட்டு உயிர் விட்டவர். தலித் சமூகத்தவர். அவர் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று பிற சாதியினர் சிலர் கிளம்பினார்கள். பஸ்கள் தாக்கப்பட்டன. தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. ஜூலை மாதம் அரசு ஒரு முடிவெடுத்தது: சுந்தரலிங்கம் பெயர் மட்டும் அல்ல, எல்லாத் தலைவர்கள் பெயரும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கம்.

இதைப் படிக்கிறபோது எனக்கு இரண்டு விதமாகத் தோன்றும். இத்தனை வருடம் எத்தனையோ சாதித் தலைவர்கள் பெயரில் பஸ் ஓடியபோது யாருக்கும் வலிக்கவில்லை. ஒரு தலித் வீரனின் பெயர் வந்ததும் வலித்தது. கடைசியில் எல்லாப் பெயரையும் எடுத்தது, நோயைச் சொல்லாமல் விளம்பரப் பலகையை மட்டும் இறக்கிய மாதிரி. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பஸ் கம்பெனியின் பெயரைத் தேர்தல் பரிசாகப் பயன்படுத்த ஆரம்பித்தால், அந்தக் கம்பெனியின் கண்டக்டர் தலையில் ஊர்ச் சண்டை வந்து விடியும். அவர் டிக்கெட் கிழிக்கத்தான் வந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். சென்னையின் இரண்டு பாதிகளும் 2001ல் ஒன்றாகி இன்றைய எம்.டி.சி. ஆனது. இப்போது மொத்தம் எட்டு. பிரித்ததற்கும் சேர்த்ததற்கும் ஆன செலவு எந்தக் கிலோமீட்டர் கணக்கில் ஏறியதோ!

பெயர் போனது. நிறமும் படமும் வந்தன. 2013 அக்டோபரில் சென்னையில் சிறிய பஸ்கள் விட்டார்கள். பெரிய பஸ் நுழையாத புறநகர்த் தெருக்களுக்கு அருமையான யோசனை. அந்த பஸ்களின் பக்கவாட்டில் பச்சை இலைகள் வரைந்திருந்தார்கள். இயற்கைக் காட்சி என்றது அரசு. இரட்டை இலை என்றது தி.மு.க. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 2014 நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது தேர்தல் கமிஷன் அந்த இலைகளை மறைக்கச் சொன்னது. நல்ல யோசனை ஒன்று, பெயின்ட் பற்றிய விவாதமாக முடிந்தது.

*

அடுத்து தொழிற்சங்கம். இதில் ஒரு சின்னப் புதிர் சொல்கிறேன்.

2018 ஜனவரி 4 முதல் 11 வரை தமிழ்நாட்டில் பஸ் ஸ்டிரைக். ஊதியத்தை 2.57 மடங்காக்கக் கேட்டார்கள், 2.44 மடங்கு தருகிறோம் என்றது அரசு. அப்போது ஸ்டிரைக்கில் இருந்தது தி.மு.க.வின் தொ.மு.ச. வண்டி ஓட்டியது அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை.

2024 ஜனவரி 9, 10 தேதிகளில் மறுபடி ஸ்டிரைக். இப்போது ஸ்டிரைக்கில் இருந்தது அண்ணா தொழிற்சங்கப் பேரவை. வண்டி ஓட்டியது தொ.மு.ச.

நடுவில் மாறியது என்ன? தொழிலாளியின் சம்பளக் கவலை மாறவில்லை. கோட்டையில் ஆள் மாறினார்கள். இரண்டு முறையும் ஸ்டிரைக்கில் இருந்த பெரிய சங்கம் சி.ஐ.டி.யு. அவர்கள் எந்த ஆட்சியிலும் கோட்டைக்குள் இல்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சங்கம் என்பது நிர்வாகத்திடம் தொழிலாளிக்காகப் பேசுகிற இடம். ஆளுங்கட்சிச் சங்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அது நிர்வாகத்தின் இன்னொரு கையாகிவிடுகிறது. எந்த டிரைவருக்கு எந்த ரூட், யாருக்கு டிரான்ஸ்ஃபர், யாருக்கு லைட் டியூட்டி என்பதில் சங்க அட்டை பேச ஆரம்பிக்கும். கொடி மாறும்போது அட்டையும் மாறும். டெப்போ மேனேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். நாளை யார் வருவார்கள் என்று தெரியாதவர் இன்றைக்கு யாரையும் கண்டிக்கமாட்டார்.

*

வேலை விஷயம் இதைவிடக் கசப்பு.

2014, 2015ல் போக்குவரத்துக் கழகங்களில் டிரைவர், கண்டக்டர், ஜூனியர் இன்ஜினீயர் வேலைகளுக்கு ஆள் எடுத்தபோது பணம் வாங்கப்பட்டது என்பது வழக்கு. அப்போது போக்குவரத்து அமைச்சர் அ.தி.மு.க.வின் செந்தில் பாலாஜி. 2015 ஜூலையில் அவர் பதவி போனது. பிறகு தி.மு.க.வுக்கு வந்து 2021ல் மறுபடி அமைச்சரானார். 2023 ஜூனில் அமலாக்கத் துறை கைது செய்தது. 2024 செப்டம்பரில் ஜாமீன், சில நாளில் மறுபடி அமைச்சர், 2025 ஏப்ரலில் ராஜினாமா. குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். தீர்ப்பு சொல்ல வேண்டியது கோர்ட், நாம் அல்ல.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல். விசாரணை நடத்த கிரிக்கெட் மைதானம்தான் வேண்டும் என்று 2025ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த 2,000 பேரில் பணம் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து ஒரு காக்கிச் சட்டைக்காகப் பணம் கொடுத்த குடும்பம் என்று ஒன்று இருந்தால், அது ஏமாந்த குடும்பமா, குற்றவாளிக் குடும்பமா? சட்டம் ஒரு பதில் சொல்லும். மனசு ஒரு பதில் சொல்லும்.

நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் இன்னும் எளிய கேள்வி. காசு கொடுத்து ஒருவன் ஸ்டியரிங் பிடித்தால், அவனை எந்த அதிகாரி கேள்வி கேட்பது? போட்டதை எடுக்கத்தான் அவன் பார்ப்பான். காசு கொடுக்காமல் தகுதியில் வந்தவன், அவனைப் பார்த்து, 'நாம ஏன் நல்லா ஓட்டணும்' என்று நினைப்பான். ஒரு கம்பெனி கெட்டுப்போவதற்கு ஸ்டிரைக்கெல்லாம் வேண்டாம், இது போதும்.

வேலை முடிந்து வெளியே போகிறவர் கதையையும் பார்த்துவிடுவோம். முப்பது வருடம் வண்டி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்து ரிட்டயர் ஆகிறார் டிரைவர். பி.எஃப்., கிராஜுவிட்டி கையில் வர வேண்டும். பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வரவில்லை. தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பணத்தையே கழகங்கள் டீசலுக்கும் டயருக்கும் எடுத்துச் செலவழித்தன என்பது சங்கங்களின் குற்றச்சாட்டு. 2018 ஸ்டிரைக்கின்போது, பொங்கலுக்கு முன் நிலுவை தருவதற்கு 750 கோடி ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு 2015க்குப் பிறகு அகவிலைப்படி உயரவில்லை என்பது 2024 ஸ்டிரைக்கிலும் கோரிக்கை.

கூட்டிப் பாருங்கள். கட்டணத்தை ஏற்றாமல் நமக்குச் சலுகை கொடுத்தது அரசியல்வாதி. கைதட்டல் அவருக்கு. அந்தச் சலுகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு, ரிட்டயர் ஆன டிரைவரின் பி.எஃப்.பில் இருந்து. அவர் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போனதில் உங்கள் இரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கும் எனக்கும் பங்கு உண்டு. வெள்ளை போர்டில் இதை யாரும் எழுதவில்லை.

*

இவ்வளவு சொன்னபின், 'அப்போ அரசியலே கூடாது என்கிறீர்களா?' என்று கேட்பீர்கள். இல்லை.

லாபம் பார்க்கிறவர் ஓட்டாத கிராமத்துக்கு பஸ் போனது அரசியலால். தமிழ்நாட்டில் பஸ் போகாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வட இந்தியாவில் சுற்றிவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், இதன் அருமை சொல்வார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுத் தண்ணீரில் நின்றபோது, சில நாட்கள் சென்னை மாநகர பஸ்களில் டிக்கெட் வேண்டாம் என்று ஜெயலலிதா அறிவித்தார். எந்த மேனேஜ்மென்ட் பட்டதாரியும் எடுக்காத முடிவு. சரியான முடிவு. பஸ் என்பது சோப்பு அல்ல. அது யாருக்கு, எந்த விலையில் என்று தீர்மானிக்க நாம் ஓட்டுப் போட்டு ஆளை அனுப்புகிறோம்.

அதனால் கேள்வி, அரசியல் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான். பஸ் கம்பெனிக்குள் அரசியல் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று அரசாணை, இன்னொன்று போன்.

அரசாணை எப்படி இருக்கும்? 2021 மே மாதம் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று ஸ்டாலின் கையெழுத்துப் போட்டார். கூடவே, இதற்கு வருடம் 1,200 கோடி கழகங்களுக்கு அரசு தரும் என்றும் அறிவிப்பு. 2025-26 பட்ஜெட்டில் அந்தத் தொகை 3,600 கோடி. திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து சொன்னது. இந்தத் திட்டம் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். 3,600 கோடி அதிகம் என்று சண்டை போடலாம். கொடுக்கிற பணம் கழகத்துக்குக் கட்டுபடியாகிறதா என்று கேட்கலாம். முக்கியமான விஷயம், சண்டை போட உங்கள் கையில் ஒரு எண் இருக்கிறது. இரண்டு ரூபாய் வெள்ளை போர்டும் மானியம்தான். அதற்கு அப்படி ஒரு எண் இல்லை. பில் யார் கட்டினார்கள் என்பது ரிட்டயர் ஆனவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

போன் எப்படி இருக்கும்? ஒரு கற்பனை. முடிச்சூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்குக் காலையில் ஒரு பஸ். அதைப் பிடித்து, அங்கே மின்சார ரயிலைப் பிடித்து, ஒரு பெண் கிண்டியில் வேலைக்குப் போகிறாள். ஒருநாள் டெப்போவுக்கு போன்: 'அண்ணன் சொன்னாரு, அந்த வண்டிய நம்ம ஏரியாவுக்கு ஒரு வாரம் திருப்பி விடுங்க.' அல்லது, 'விழாவுக்கு ஆள் கூட்டிப்போக நாலு வண்டி வேணும்.' மேனேஜர், 'ஆகட்டும்ணே' என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. மறுநாள் அந்தப் பெண் அரை மணி நேரம் நின்று, ஷேர் ஆட்டோவில் காசு கொடுத்துப் போகிறாள். அரைநாள் சம்பளம் போகிறது. அவள் திட்டுவது யாரை? கண்டக்டரை.

அரசாணையில் வரும் அரசியலுக்கு முகம் உண்டு, தேதி உண்டு, விலை உண்டு. அடுத்த தேர்தலில் அதை மாற்றலாம். போனில் வரும் அரசியலுக்கு இவை எதுவும் கிடையாது. அதனால்தான் ஆட்சி மாறினாலும் அது மாறுவதில்லை.

*

இதெல்லாம் நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் கருவேலியில் பிறந்தவர் வெ. கிருஷ்ணமூர்த்தி. திருச்சி பி.எச்.இ.எல். தொழிற்சாலையை வளர்த்து, பிறகு அந்த நிறுவனத்துக்கே சேர்மன் ஆனவர். 1981ல் மாருதியை அவரிடம் கொடுத்தார்கள். மாருதியைவிட அரசியல் வாடை அடித்த அரசுக் கம்பெனி இந்தியாவில் கிடையாது. சஞ்சய் காந்தி ஆரம்பித்து மூடிப்போன தொழிற்சாலை அது. மகன் நினைவாக அது ஓட வேண்டும் என்று இந்திரா காந்தி விரும்பினார். அரசியல்தான், சுத்தமான அரசியல். ஆனால் அந்த அரசியல், 'மக்கள் வாங்குகிற மாதிரி ஒரு கார் வேண்டும், சீக்கிரம் வேண்டும்' என்று இலக்கைச் சொன்னதோடு நின்றது. யாருடன் கூட்டு, யாரை வேலைக்கு எடுப்பது, எப்படித் தயாரிப்பது என்பதில் கம்பெனிக்குக் கை கட்டப்படவில்லை. 1983 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது.

பஸ்ஸுக்கே உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூர். அங்கே 1987ல் பொதுப் போக்குவரத்து கவுன்சில் என்று ஒன்றை அமைத்தார்கள். கட்டணத்தை அது பார்த்துக்கொள்ளும். எதற்கெடுத்தாலும் சிங்கப்பூரை இழுக்கிறார்கள் என்று நீங்கள் அலுத்துக்கொள்வது கேட்கிறது. அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்சி மாறும் பயம் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு கவுன்சில் வைத்துக் கணக்குப் பார்க்க அந்த பயம் தடையா என்ன? மின்சாரத்துக்கு நம்மிடமே ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. அது பேப்பரில் கணக்குக் காட்டி, கருத்துக் கேட்டு, உத்தரவு போடுகிறது. பஸ்ஸுக்கு மட்டும் ஏன் ஒரே ராத்திரி அறிவிப்பு?

தனியார்மயம்தான் தீர்வு என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்தும், ஆகஸ்டில் நம் பக்கம் பெரும்பாக்கத்திலிருந்தும் மின்சார பஸ்கள் கிளம்பின. வண்டியும் டிரைவரும் ஒப்பந்தக் கம்பெனியுடையவை, கண்டக்டர் எம்.டி.சி. ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு எம்.டி.சி. பணம் தரும். இதில் ஒரு நல்லது உண்டு. ஒப்பந்தம் என்று எழுதிவிட்டால், வண்டியைத் திருப்பிவிடச் சொல்லும் போனுக்கும் ஒரு விலை வந்துவிடும். ஒரு கெட்டதும் உண்டு. டெப்போவில் நடந்த அரசியல் டெண்டர் அறைக்குக் குடிபோகலாம். டெப்போவிலாவது கத்துவதற்குச் சங்கம் இருந்தது. டெண்டர் அறைக்குக் கதவு மட்டும்தான் இருக்கிறது. முதலாளி யார் என்பதைவிட, கணக்கு யார் கண்ணில் படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கவில்லை. மூன்று சின்ன விஷயம் போதும். சலுகை எதுவானாலும் அதன் செலவு பட்ஜெட்டில் தனி வரியாக வரட்டும், பணமும் அந்த மாதமே கழகத்துக்குப் போகட்டும். தொழிலாளியின் பி.எஃப்.பை டீசலுக்குத் தொடுவது திருட்டு என்றே நடத்தப்படட்டும். ஒவ்வொரு டெப்போ வாசலிலும் ஒரு போர்டு வைக்கட்டும்: இன்று ஓட வேண்டிய சர்வீஸ் இத்தனை, ஓடியது இத்தனை, ஓடாததற்குக் காரணம் இது, சொன்னவர் இவர்.

கடைசி இரண்டு வார்த்தைதான் கஷ்டம். முதல் வாரம் 'மேலிடம்' என்று எழுதுவார்கள். பரவாயில்லை, எழுதட்டும். தினமும் அந்த போர்டைப் பார்க்கிற ஆயிரம் பேரில் ஒருவராவது நின்று, 'யாருப்பா அந்த மேலிடம்?' என்று கேட்பார்.